அம்மப்பாவின் நியூமோனியா பேரனுக்கும் வருமா?

கோண்டாவிலில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என்ர அப்பா 61 வயசில நியூமோனியாவால மோசம் போனவர். அவற்ற தங்கச்சி ஒராள் சின்ன வயசில நெஞ்சுச்சளியில செத்ததாம். இப்ப என்ர மகனுக்கு நாலு வயசு. போன மாரியில ஒருக்கா, இந்த வைகாசியில ஒருக்கா, ரெண்டு தரம் நியூமோனியா எண்டு வாட்டில வைச்சிருந்தவை. எங்கட ரத்தத்திலயே ஏதும் குறை இருக்கோ? கனடாவில இருக்கிற தம்பி ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாக்கச் சொல்லுறான். எடுக்கலாமோ?"

தங்கச்சி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாக விளக்குகிறேன். ஓம், நியூமோனியா யாரைப் பிடிக்கும், பிடித்தால் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதில் நாங்கள் தாய் தகப்பனிடம் வாங்கிவந்த நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளுக்கு, அதாவது நோயை எதிர்க்கும் ஜீன்களுக்கு, பங்கு உண்டு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பங்கு எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. மிகச் சில பிள்ளைகளில் அது உயிர் போகிற விசயம். மிச்ச எல்லாரிலும் அது குசினிப் புகையை விடச் சின்ன விசயம். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று அறிய, எச்சிலைத் தபாலில் அனுப்பிச் செய்கிற டெஸ்ட் உதவாது. அதை விட மலிவான, அதை விடக் கூர்மையான வழி இருக்கிறது.

"பரம்பரை" என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒரே வீட்டில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வருத்தம் வந்தால், அது இரத்தத்தால் வந்ததா, ஒரே அடுப்பின் புகையைக் குடித்ததால் வந்ததா? டென்மார்க்கில் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கெட்டித்தனமான வேலை செய்தார்கள். 1924 தொடக்கம் 1926 வரை பிறந்து, சொந்தமில்லாத குடும்பங்களுக்குத் தத்துப் போன 960 பேரின் பதிவுகளை எடுத்தார்கள். பெற்றவர்கள் எதனால், எந்த வயதில் இறந்தார்கள், வளர்த்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். முடிவு 1988இல் வெளிவந்தது. பெற்ற தாயோ தகப்பனோ 50 வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றால் இளவயதில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5.8 மடங்கு கூடியிருந்தது. வளர்த்தவர்கள் தொற்றால் இறந்தபோது அப்படி ஒரு கூட்டல் தெரியவில்லை. புற்றுநோயில் நிலைமை தலைகீழ்: பெற்றவர்களால் வந்த கூட்டல் வெறும் 1.2 மடங்கு. பரம்பரை நோய் என்றதும் எங்கள் சனம் புற்றுநோயையும் சீனி வருத்தத்தையும்தான் நினைக்கும், தொற்றுநோயை யாரும் நினைப்பதில்லை. கிருமி வெளியிலிருந்து வருகிறது, அதில் பரம்பரைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். இந்த ஆய்வு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த ஆய்வில் தொற்று என்றது எல்லாத் தொற்றையும், நியூமோனியாவை மட்டும் இல்லை. தொற்றால் இறந்தவர்களின் தொகையும் பெரிதில்லை. 5.8 என்ற எண்ணை அப்படியே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. உங்கள் அப்பா இறந்தது 61இல், அவர்கள் கோடு போட்டது 50இல். அந்த வித்தியாசம் பெரியது.

எங்கள் ஊர்க் கதியால் வேலியை நினைத்துப் பாருங்கோ. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று வரிசையாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி. ஒரு கதியால் பட்டுப்போனால் ஆடு உள்ளே வந்துவிடாது, பக்கத்துக் கதியால் தாங்கும். சுவாசப்பையின் காவலும் அப்படித்தான். மூக்கின் மயிர், சளிப்படை, சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள், சிற்றறைகளுக்குள் காவலிருந்து கிருமியை விழுங்கும் கலங்கள், கிருமியில் ஒட்டி அடையாளம் வைக்கும் குருதிப் புரதங்கள், கிருமிக்கு எதிராக உடல் செய்துவைக்கும் பிறபொருளெதிரிகள், குருதியில் புகுந்த பற்றீரியாவை வடித்தெடுக்கும் மண்ணீரல். இதற்கெல்லாம் பின்னால் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் இருக்கின்றன. அவற்றில் நடக்கும் எழுத்துப்பிழைகளில் பெரும்பாலானவை ஒரு கதியாலைத்தான் பட்டுப்போக வைக்கும். மிகச் சிலதான் வேலியில் பொட்டு, அதாவது ஆடு நுழையும் ஓட்டை, வைக்கும்.

பொட்டு வைக்கும் பிழைகளை முதலில் பார்ப்போம், உங்கள் மகனின் வயதுக்கு அதுதான் கேள்வி.

1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் எட்டு வயதுப் பெடியன் ஒருவனைப் பற்றி எழுதினார். நியூமோனியாவுக்கு முதற்காரணமான நியூமோகொக்கஸ் பற்றீரியா அவனுடைய குருதிக்குள் திரும்பத் திரும்பப் புகுந்துகொண்டிருந்தது. அவனுடைய குருதிப் புரதங்களை மின்சாரத்தின் உதவியால் பிரித்துப் பார்த்தபோது, பிறபொருளெதிரிகள் இருக்கவேண்டிய பட்டையைக் காணவில்லை. மற்ற மனிதரின் குருதியிலிருந்து எடுத்த காமா குளோபியூலினை அவனுக்கு ஒழுங்காக ஏற்றினார். அந்தப் பெருந்தொற்றுகள் நின்றன. காரணமான பரம்பரையலகை 1993இல் கண்டுபிடித்து, புரூட்டனின் பெயரைச் சேர்த்து பி.டி.கே. என்று வைத்தார்கள். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆகவே தாய் சுகமாக இருந்துகொண்டு காவிச் செல்வார், மகன்தான் விழுவான். பிறந்து ஆறு மாதம் மட்டும் தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி காப்பாற்றும், அதற்குப் பிறகுதான் காது, மூக்கு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

இங்கே உங்கள் கேள்வியைத் திருத்தவேண்டி இருக்கிறது. நீங்கள் உங்கள் அப்பாவின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வகைக் குறை உங்கள் அப்பாவிடம் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் அவர் 61 வயது வரை இருந்திருக்க மாட்டார். ஆகவே அது வரக்கூடிய வழி உங்கள் அம்மா. நான் உங்களிடம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: உங்கள் அம்மாவின் சகோதரர்களில், அம்மம்மாவின் சகோதரர்களில், சின்ன வயதில் காய்ச்சலில் போன ஆண்பிள்ளைகள் உண்டா? உங்களுடைய அக்கா, தங்கச்சிமாரின் பெடியன்களில் அடிக்கடி வாட்டில் கிடப்பவர்கள் உண்டா?

இரண்டாவது கதை இன்னும் விசித்திரமானது. 2003இல் ஐராக்-4 என்ற பரம்பரையலகிலும், 2008இல் மை-டி-88 என்ற இன்னொன்றிலும், பாரிசைச் சேர்ந்த ஜோன்-லோரோன் கசனோவாவின் குழுவும் கூட்டாளிகளும் ஒரு குறையைக் கண்டுபிடித்தார்கள். இவை இரண்டும், கிருமி வந்துவிட்டது என்று கலத்துக்கு உள்ளே செய்தி கடத்தும் புரதங்கள். இவை இல்லாத பிள்ளைகள் பெரும்பாலான வைரசு, பூஞ்சணத் தொற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார்கள். நியூமோகொக்கசும் இன்னும் ஓரிரண்டு பற்றீரியாக்களும் வந்தால் மட்டும் மளமளவென்று விழுவார்கள். ஒரு பொட்டு, அதற்குள்ளால் வருவதும் ஒரே ஆடு. 2010இல் இப்படிப்பட்ட 60 பேரின் விபரங்களைத் தொகுத்தபோது, பத்தில் ஏறக்குறைய நாலு பேர் இறந்திருந்தார்கள். அத்தனை இறப்பும் எட்டு வயதுக்கு முன்னரே. பதினாலு வயது தாண்டியவர்களில் அந்தப் பெருந்தொற்றுகள் காணப்படவில்லை. பொட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கத்துக் கதியால்கள் வளர்ந்து மூடிவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் கிடைத்த தொற்றுகளும் ஊசிகளும் பிறபொருளெதிரியைச் சேர்த்து வைத்துவிடுவதுதான் அதற்குக் காரணமாக இருக்கவேண்டும் என்பது பொதுவான விளக்கம்.

வைத்தியரை ஏமாற்றும் ஒரு குணமும் இந்தக் குறைக்கு உண்டு. செய்தி கடத்தும் கம்பியே அறுந்திருப்பதால் காய்ச்சல் பெரிதாக எழும்பாது, தொற்றைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் தொடக்கத்தில் ஏறாது. காய்ச்சல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை மறுநாள் ஐ.சி.யுவில் கிடக்கும். உங்கள் மகனுக்கு இரண்டு தரமும் நல்ல காய்ச்சல் அடித்ததா என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

ஐராக்-4 போன்றவை பின்னிடைவானவை. தாயிடமும் தகப்பனிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளை விழும். எங்கள் சனத்தில் மச்சான் மச்சாளைக் கட்டுவதும் மாற்றுச் சம்பந்தம் செய்வதும் நேற்று வரை சாதாரணம், இன்றைக்கும் இல்லாமலில்லை. சொந்த மச்சாளைக் கட்டினவருக்குப் பிறக்கும் பிள்ளையின் பரம்பரையலகுகளில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கத்திலும் ஒரே மூதாதையின் பிரதியாக இருக்கும். பெரும்பாலான சொந்தக் கலியாணங்களில் பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். அதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஆனால் வைத்தியர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லவேண்டும். "சொந்தமோ?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லி, அடுத்த கிழமை மாமியார் வந்து "அவள் என்ர அண்ணன்ர மகள்தானே" என்று சொன்ன வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாவதாக மண்ணீரல். சில பிள்ளைகள் மண்ணீரல் இல்லாமலே பிறக்கிறார்கள். அப்படிப் பிறப்பவர்கள் பலரில் ஆர்.பி.எஸ்.ஏ. என்ற பரம்பரையலகில் பழுது இருப்பது 2013இல் தெரியவந்தது. இது ஆட்சியான வகை, ஒரு பிரதி பழுதானாலே போதும். அதே பழுதைக் காவியும் மண்ணீரலோடு சுகமாக இருப்பவர்களும் உண்டு. உங்கள் அப்பா, அப்பாவின் தங்கை, உங்கள் மகன் என்று போகிற கோட்டுக்கு ஓரளவாவது பொருந்தக்கூடியது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். பயப்பட வேண்டாம், இது மிக மிக அரிது. வயிற்றை ஒரு ஸ்கான் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற கேள்வி. தலசீமியாவுக்காகவோ விபத்தாலோ மண்ணீரலை எடுத்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்களுக்குத் தடுப்பூசிகள் ஏன் வற்புறுத்தப்படுகின்றன என்பதும் இதனால்தான்.

இப்படி ஒற்றைப் பரம்பரையலகால் வரும் நிர்ப்பீடனக் குறைகள் இன்று 450க்கு மேல் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அரிது.

இனிப் பட்டுப்போன கதியால்கள். தம்பி சொல்லும் டெஸ்டுகள் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இதில் பெயர் பெற்றது எம்.பி.எல். என்ற புரதம். பற்றீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் மனோஸ் என்ற சீனியைப் பிடித்து, மற்றக் காவலாளிகளைக் கூப்பிடும் புரதம் அது. அதன் பரம்பரையலகில் மூன்று இடங்களில் வரும் மாற்றங்கள் மனிதரில் மிகப் பரவலானவை. இரு பிரதியும் மாறியவர்களின் குருதியில் எம்.பி.எல். ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். 2002இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு: நியூமோகொக்கஸ் குருதியில் புகுந்த 229 நோயாளரில் 28 பேர், அதாவது 12 வீதம், இப்படி இரு பிரதியும் மாறியவர்கள். சுகமான 353 பேரில் 18 பேர்தான், 5 வீதம். ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அப்போது இதைப் பற்றிப் பெரிய ஆரவாரம். எம்.பி.எல். குறைந்தவர்களுக்கு அதை ஊசியாக ஏற்றலாமா என்று கூடக் கதைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2004இல், கொப்பன்ஹேகன் நகரத்துச் சாதாரண மக்கள் 9,245 பேரை எடுத்துப் பார்த்தார்கள். எம்.பி.எல். இல்லாதவர்கள் மற்றவர்களை விடக் கூடத் தொற்றுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, கூட இறந்தார்களா என்று. குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. பிறகு ஸ்பெயினில் வந்த பெரிய ஆய்வில், நியூமோனியா வருவதற்கும் எம்.பி.எல்லுக்கும் சம்பந்தம் தெரியவில்லை, வந்தவர்களில் அது கடுமையாவதற்குச் சம்பந்தம் தெரிந்தது. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை இந்தத் துறை படித்துக்கொண்டது அப்படித்தான். ஆட்டை உள்ளே விடுவது ஒன்று, உள்ளே வந்த ஆடு எவ்வளவு மேயும் என்பது இன்னொன்று. நியூமோனியாவால் குருதி நஞ்சாகி ஐ.சி.யுவில் கிடந்தவர்களில் யார் பிழைத்தார்கள் என்று மட்டும் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் எஃப்.இ.ஆர். என்ற இன்னொரு பரம்பரையலகைக் காட்டியது. அது எம்.பி.எல். கதையில் எங்கும் வராத பெயர்.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெஸ்ட் கொம்பனிகளின் அறிக்கையில் "உங்களுக்கு எம்.பி.எல். குறைவு, தொற்று ஆபத்து அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் வரும். வாசிக்கிற தாய்க்கு நித்திரை போகும். உண்மையில் பல கோடிச் சனம் அதே குறையோடு தோட்டம் கொத்தி, பேரப்பிள்ளை கண்டு, 80 வயதில் போயிருக்கிறது.

பிறகு முழு மரபுத்தொகுதியையும், அதாவது ஒருவரின் பரம்பரையலகுகள் எல்லாவற்றையும் சேர்த்து, அலசும் காலம் வந்தது. அங்கே வந்த பதில்களில் சில நிர்ப்பீடனத்தோடு நேரடியாகச் சம்பந்தமே இல்லாதவை. அமெரிக்காவில் 2021இல் வெளிவந்த ஒன்றில் ஐரோப்பிய வம்சாவளியினரில் முதலில் வந்தது சளியின் நீர்த்தன்மையைப் பார்க்கும் சி.எஃப்.டி.ஆர்., ஆபிரிக்க வம்சாவளியினரில் வந்தது அரிவாட்செல் நோய்க்குக் காரணமான ஈமோகுளோபின் பரம்பரையலகு. பெரிய அலசல்களில் 15ஆம் நிறமூர்த்தத்தில் நிக்கொட்டின் வாங்கிகளின் பகுதியும் தலை காட்டியது. அது செய்யும் வேலை, மனிதனைக் கூடப் புகைக்க வைப்பது. சுருட்டுக்குப் பெயர்போன ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: நியூமோனியா "பரம்பரை"யாகத் தெரிவதில் ஒரு துண்டு உண்மையில் புகைக்கும் ஆசையின் பரம்பரை. கென்யாவின் பிள்ளைகளில் 2016இல் நியூமோகொக்கஸ் ஆபத்தை இரட்டிக்கும் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள், அது ஆபிரிக்க வம்சாவளியினருக்கு வெளியே காணப்படுவதில்லை. ஓர் இடத்து விடையை இன்னோர் இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

அப்படியென்றால் எங்கள் சனத்தைப் பற்றி யாரும் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார்கள். 2015இல் நிறைவடைந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2,504 பேரின் மரபுத்தொகுதியை வாசித்தார்கள். அதில் ஒரு கூட்டத்தின் பெயரே "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்", 102 பேர். இடம்பெயர்ந்து லண்டன் போன எங்கள் ஆட்களின் குருதி இன்று உலகத்து ஆய்வாளர் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் ஒரு அடிப்படை ஏடாக இருக்கிறது. ஆனால் அந்த ஏட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது என்ற குறிப்பு கிடையாது. எந்த மாற்றம் எங்களில் எவ்வளவு பரவல் என்று சொல்லும், அவ்வளவுதான்.

அதன் பயன் கொவிட் காலத்தில் தெரிந்தது. கொவிட்டால் சுவாசப்பை பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்தை ஏறக்குறைய 1.6 மடங்காக்கும் ஒரு துண்டு 3ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பது 2020இல் தெரியவந்தது. ஹ்யூகோ சீபெர்க், ஸ்வான்தே பாபோ என்ற ஆய்வாளர்கள் அந்தத் துண்டு, அழிந்துபோன நியண்டர்தால் மனிதரிடமிருந்து ஏறக்குறைய 60,000 வருடங்களுக்கு முன் எங்களுக்குள் கலந்தது என்று காட்டினார்கள். தென்னாசியாவில் ஏறக்குறைய பாதிப்பேர் அதன் ஒரு பிரதியையாவது காவுகிறார்கள், ஐரோப்பாவில் 16 வீதம்தான். அந்தப் பகுதியில் வேலை செய்வது பெரும்பாலும் வெண்குருதிக் கலங்களில்லை, சுவாசப்பையின் உட்பூச்சுக் கலங்களில் இருக்கும் எல்.இசட்.டி.எஃப்.எல்.1 என்ற பரம்பரையலகு என்று 2021இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பாதிப்பேர் காவுகிறார்கள் என்றால் பயப்படவேண்டுமா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்து நூறில் ஒன்று என்றால், இந்தத் துண்டு அதை நூறில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக ஆக்கும். மிச்சத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஒன்றும் நடக்காது. வீட்டுக்குள் விறகுப் புகை, சின்னப் பிள்ளைகளின் நியூமோனியா ஆபத்தை ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊமலும் பன்னாடையும் தென்னம்பாளையும் எரிகிற குசினியில், தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் புகைதான் பெரிய பரம்பரைச் சொத்து. இந்தத் துண்டை மாற்ற முடியாது. அடுப்பை மாற்றலாம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பாவின் 61 வயது நியூமோனியாவை நான் பரம்பரைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததா? புகைத்தவரா? தோட்டம், வயல் செய்தவரா? சீனி வருத்தத்தோடு மாரிச் சேற்றில் இறங்குபவர்களைப் பிடிக்கும் மெலியோய்டோசிஸ் என்ற பற்றீரியாத் தொற்று இலங்கையில் உண்டு, அது நியூமோனியா மாதிரியே வரும், காசநோய் என்றும் ஏமாற்றும். எலிக்காய்ச்சலும் சுவாசப்பையைப் பிடித்தால் அப்படித்தான். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் "மர்மக் காய்ச்சல்" என்று பேப்பரில் வந்தது கடைசியில் எலிக்காய்ச்சல் என்றே தெரிந்தது. மரணச் சான்றிதழில் "நியூமோனியா" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையும் ஒளிந்திருக்கலாம்.

அப்பாவின் தங்கை போனது எப்படியும் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னாக இருக்கும். அந்தக் காலத்து "நெஞ்சுச்சளி" என்பது சின்னமுத்துக்குப் பின் வந்த நியூமோனியாவாக இருக்கலாம், குக்கலாக இருக்கலாம், காசமாக இருக்கலாம். சின்னமுத்துத் தடுப்பூசி இலங்கையில் 1984இல்தான் எல்லாருக்கும் வந்தது. அதற்கு முன் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை சளியில் போவது அபூர்வமில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே வயதில், ஒரே விதமாகப் போயிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

மகனுக்கு வருவோம். ஒரு வருடத்துக்குள் இரண்டு நியூமோனியா என்பது, நிர்ப்பீடனக் குறையைச் சந்தேகிக்கச் சொல்லும் அடையாளங்களில் ஒன்று. ஆகவே உங்கள் பயம் வீணானதில்லை. ஆனால் அந்த அடையாளம் தனியே நின்றால் பலமில்லை. பிள்ளை நிறை ஏறாமல் இருப்பது, நரம்பில் மருந்து ஏற்றித்தான் தொற்று அடங்குவது, சொந்தத்தில் இன்னொரு பிள்ளை அப்படி இருப்பது, இவைதான் கனமானவை. இன்னும் மூன்று கேள்விகளுக்கு உங்களிடம் மட்டும்தான் பதில் இருக்கிறது. தொப்புள்க்கொடி விழ மூன்று கிழமைக்கு மேல் எடுத்ததா? பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி புண்ணாகிப் பெருத்து, கமக்கட்டில் கட்டி வந்ததா? காதில் சீழ் அடிக்கடி வடிகிறதா?

அதற்கும் முதல் ஒன்று. இரண்டு தரமும் எடுத்த எக்ஸ்ரே படங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. வெவ்வேறு இடத்தில் என்றால் உடலின் காவலைப் பற்றி யோசிக்கலாம். இரண்டு தரமும் ஒரே இடம் என்றால் குற்றவாளி பரம்பரை இல்லை, அந்த இடம். ஒரு பிள்ளையை எனக்கு நல்ல ஞாபகம். மூன்று தரம் நியூமோனியா, மூன்று தரமும் வலப்பக்கக் கீழ் மடல். தாய் தகப்பன் சாத்திரம் பார்த்து, இரண்டு பக்கச் சொந்தத்தையும் திட்டி முடித்திருந்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது உள்ளே கச்சான் பருப்புத் துண்டு. நல்லூர்த் திருவிழாவில் வாங்கியது, தின்று கொண்டே ஓடியபோது விக்கியதாம், பிறகு மறந்துவிட்டார்கள். வலது சுவாசக் கிளை அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் விழுங்கும்போது தவறிப் போவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். அடிக்கடி முட்டு இழுக்கிற பிள்ளையின் சளி அடைப்பையும் எக்ஸ்ரேயில் நியூமோனியா என்று வாசித்துவிடுவது உண்டு. அதுவும் உங்கள் மகனில் இருக்கலாம்.

படங்கள் வெவ்வேறு இடம் என்றால், குழந்தை வைத்திய நிபுணரிடம் கேட்கவேண்டியவை இவை. முழுக் குருதிக் கல எண்ணிக்கை, அதில் நிணநீர்க்கலங்களின் தொகை. பிறபொருளெதிரி வகைகளின் அளவு. எச்.ஐ.வி. பரிசோதனை, வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் கேட்பதுதான். மண்ணீரலுக்கு ஸ்கான். இவற்றில் ஏதும் பிசகு தெரிந்தால், கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நிர்ப்பீடனப் பிரிவுக்கு அவரே எழுதுவார். அங்கிருந்து அடுத்த படியாகத்தான் ஜீன் டெஸ்ட் வரும், அதுவும் எந்தப் பரம்பரையலகைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு. தம்பி சொல்லும் எச்சில் டெஸ்ட் பரவலான மாற்றங்களை மட்டும் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்ப்பது. பி.டி.கே., ஐராக்-4 போன்றவற்றில் ஒரு குடும்பத்துக்கே உரிய அரிய பிழையை அது தவறவிடும், அல்லது இல்லாததை இருப்பதாகக் காட்டும். வேண்டாம்.

ஊசிகளில், கிளினிக்கில் 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவலன்டில் நியூமோனியா கொண்டுவரும் இன்னொரு கிருமியான ஹிப் பற்றீரியாவுக்கு எதிரானது சேர்ந்திருக்கிறது, அட்டையில் மூன்றும் பதிந்திருக்கிறதா பாருங்கோ. நியூமோகொக்கசுக்கான ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போடலாம். தம்பிக்குக் காசு செலவழிக்க ஆசை என்றால் அதற்குச் செலவழிக்கட்டும்.

அவனிடம் கேட்க இன்னொரு உதவியும் இருக்கிறது. 95 இடப்பெயர்வில் எங்கள் வீடுகளில் சாதகக் கொப்பியும் போனது, வைத்தியத் துண்டுகளும் போயின. இப்போது குடும்பக் கதை ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உங்கள் அம்மாவின் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரையும் வட்சப்பில் ஒரு குழுவாகச் சேர்த்து, சின்ன வயதில் போன ஆண்பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதி எடுக்கச் சொல்லுங்கோ. யார் யாரைச் சொந்தத்துக்குள் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து. அந்தத் தாளையும் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஊசி அட்டையையும் கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கோ.